எழும்பாத பந்து

"ஒரு மனுசனுக்குக் கண்ணு இருந்தா மட்டும் போதுமா? அதத் தொறந்து வச்சுப் பாக்க வேணாமா?"

குப்பாயி அக்கா மண்வெட்டியை ஓங்கி இறக்கிவிட்டு இப்படிக் கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. மரவள்ளிக் காட்டில் வரிசையாகக் குனிந்து நின்ற எங்கள் எல்லாருக்கும் பொதுவாகத்தான் கேட்டார். ஆனால் கண்ணைத் திறந்து வைக்காத அந்த மனிதர் யாரென்று வரிசையில் எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர். நான் தலையை நிமிர்த்தாமல் புல்லைக் கொத்திக்கொண்டிருந்தேன்.

இரவு பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்தது. மரவள்ளி இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக் கழுத்துக்குள் இறங்கியது. வழக்கமாக அந்த நேரத்தில் யாரும் பேச மாட்டார்கள். வயிற்றில் வெறும் கிழங்குக் கஞ்சி இருக்கும்போது பேச்சு வராது. அன்று திங்கட்கிழமை காலையில் மட்டும் காடே சந்தைக் கடையாக இருந்தது.

முந்தின நாள் மம்பாவ் திடலில் எங்கள் எஸ்டேட் பந்துக் குழு தோற்றுவிட்டது. தோற்றது என்று சொன்னால் போதாது, மானம் கப்பலேறிவிட்டது. போர்டிக்சன் சாலையிலிருந்த எஸ்டேட்டுக்காரர்கள் கோல் அடித்து அடித்து அலுத்துப்போய், கடைசியில் பந்தை எங்களுக்கே விட்டுக்கொடுத்தார்கள். அதை வைத்தும் எங்கள் ஆட்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில், ஜப்பான்காரன் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் தேங்காய் எண்ணெயில் விளக்கேற்றிய கதையை எழுதியிருந்தேன். இந்த வாரம் சோப்பு காய்ச்சிய கதை எழுதுவதாகத்தான் இருந்தேன். அதற்குள் நம் நாட்டுக் குழு தொலைக்காட்சியில் தோற்றுத் தொலைத்தது. பாரோயில் இப்போது இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் பிள்ளைகள் இரண்டு பேரும் கோச்சைப் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்தார்கள். "இந்த ஆள மொதல்ல வீட்டுக்கு அனுப்பணும்லா!" என்று பெரியவன் மேசையைத் தட்டினான். பந்தையே உதைத்தறியாத சின்னவன் யாரை எந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று விளக்கம் கொடுத்தான். எனக்குச் சோப்பு மறந்துபோயிற்று. குப்பாயி அக்காவின் மண்வெட்டிச் சத்தம்தான் காதில் கேட்டது.

பந்து மாஸ்டர்

தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கோச் என்ற சொல் கிடையாது. பந்து மாஸ்டர் என்போம். என் வீட்டுக்காரர் ராயப்பன்தான் மாஸ்டர். அவர் பந்தாடி நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே முழங்கால் பிசகிவிட்டது என்று சொல்வார். பிசகாத காலத்திலும் பெரிதாக ஒன்றும் ஆடியதில்லை என்று என் தம்பி சவரி சொல்வான். ஆனால் மற்றவர்களை ஆட வைப்பதில் அவருக்கு அப்படி ஒரு வெறி.

அவருக்கு ரப்பர் ஸ்டோரில் வேலை. பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைவீட்டில் தொங்கவிடும் வேலை. அவர் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் புகை நெடி போகாது. ஜப்பான்காரன் வந்த பிறகு வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார், பாதி மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளி போட்டார்கள். மீதி மரங்களில் கொஞ்சம் பால்வெட்டு நடந்தது. ஸ்டோரில் வேலை குறைந்ததும் இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையன்களைச் சேர்த்துக்கொண்டு சாயங்காலமானால் பந்தடிக்கக் கிளம்பிவிடுவார்.

பந்து ஏது? துரை காலத்துத் தோல் பந்து கிழிந்து, உள்ளே இருந்த பையும் வெடித்துப்போயிருந்தது. புதிதாக வாங்க எங்கும் கிடைக்காது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஒரு பந்து செய்தார்.

மரத்தில் பால்வெட்டிய கோட்டில் கடைசிப் பால் காய்ந்து நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஒட்டுப்பால் என்று பெயர். பழந்துணி உருண்டையின் மேல் அந்த நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றினார். பாலில் முக்கினார், புகையில் காயவைத்தார், மறுபடி சுற்றினார். கடைசியில் அதற்குமேல் சாக்குத் துணியை வைத்து நான்தான் தைத்துக் கொடுத்தேன். மேலே சாக்கு தெரிய வேண்டும், உள்ளே இருப்பது தெரியக் கூடாது. காரணம் இருந்தது. ரப்பர் முழுவதும் ராணுவத்துக்குச் சொந்தம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். ஒட்டுப்பாலில் கை வைத்த ஒருவனைப் பக்கத்து எஸ்டேட்டில் வெயிலில் கட்டிப்போட்டு அடித்ததை எல்லாரும் கேள்விப்பட்டிருந்தோம்.

"இம்புட்டு ஒட்டுப்பால் ஏது?" என்று கேட்டேன்.

"ஒனக்கு எதுக்கு அது? தையி" என்றார்.

அந்தப் பந்து துள்ளிய துள்ளல் இருக்கிறதே! தரையில் போட்டால் லயத்துக் கூரைக்கு மேலே போகும். காலால் அடக்கவே முடியாது. எங்கள் பையன்கள் நெஞ்சாலும் தலையாலும் ஆடப் பழகினார்கள். கோல் காவலுக்கு நின்ற சவரி குரங்கு மாதிரி எம்பி எம்பிப் பிடிப்பான். சாயங்காலம் விறகுப் புகை லயத்தைச் சுற்றி இறங்கும் நேரத்தில், பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே நின்று வேடிக்கை பார்ப்போம். எங்களை வெல்ல இந்த மாநிலத்தில் ஆளில்லை என்று எல்லாருமே நம்பினோம். நானும் நம்பினேன்.

ஒரு மூட்டை அரிசி

எங்கள் பக்கத்து எஸ்டேட்டுகளுக்குப் பொறுப்பாக இருந்த ஜப்பான் அதிகாரி பந்தாட்டப் பிரியர். எஸ்டேட்டுகளுக்குள் போட்டி வைப்பதாக அறிவித்தார். கடைசி ஆட்டத்தில் வெல்லும் எஸ்டேட்டுக்கு ஒரு மூட்டை அரிசி.

இன்றைக்கு இதைப் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்கான வாய்க்குத்தான் அதன் அருமை தெரியும். செய்தி வந்த நாளிலிருந்து பெண்கள் கூட்டத்தில் வேறு பேச்சே இல்லை. வடிப்பதா, கஞ்சியாகக் காய்ச்சுவதா, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு முதலில் கொடுப்பதா என்று வராத அரிசிக்குப் பங்கு பிரித்தோம்.

மண்டோர் மருதமுத்துதான் குப்பாயி அக்காவின் புருசன். வேலைக்காட்டில் எங்களை மேய்ப்பவர் அவர், ஸ்டோர்ச் சாவியும் அவர் இடுப்பில்தான் இருக்கும். போட்டிக்கு முன்பே அவர் வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"ராயப்பா, ஆட்டத்துக்குத் தோல் பந்துதான் குடுப்பானுங்களாம். வெளிய போறதுக்கு நான் பாஸ் எழுதி வாங்கித் தர்றேன். சிரம்பானுக்குப் போயி எவன்கிட்டயாச்சும் ஒரு தோல் பந்தைக் கேட்டு வாங்கிட்டு வா. நாலு நாளு அதுல ஒதைச்சுப் பாக்கட்டும்."

"பந்துன்னா பந்துதான் அண்ணே. இந்தப் பேயையே அடக்குறவனுங்க அந்தத் தோலை அடக்க மாட்டானுங்களா?"

இதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மம்பாவ் திடலில் மழை பெய்து சேறாகக் கிடந்தது. விசில் ஊதினார்கள். தோல் பந்து தண்ணீர் குடித்துக் கல்லாகிவிட்டது. எதிராளி உதைத்தால் எங்கள் ஆட்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அது எழும்பி வருவதற்காகக் காத்திருந்தார்கள். அது எழும்பினால்தானே! காலடியில் உருண்டு போய்க்கொண்டே இருந்தது. ஒருவன் தலையால் முட்டுவதற்குத் துள்ளினான், பந்து அவனுக்குக் கீழே போயிற்று. சவரி வழக்கம்போல வானத்துக்கு எம்பினான். பந்து அவன் காலுக்கு இடையில் புகுந்து கோலுக்குள் போய் உட்கார்ந்தது. திரும்பத் திரும்ப இதே கூத்துதான்.

எதிர் எஸ்டேட்டுப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அரிசி மூட்டையை அவர்கள் மாட்டு வண்டியில் ஏற்றியபோது குப்பாயி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். திரும்பி நடந்து வந்த வழியெல்லாம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்த அரிசி சுண்ணாம்பு கலந்து வைத்த பழைய அரிசி, வாயில் வைக்க முடியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். அதை நாங்களே கிளப்பிவிட்டோமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று கட்சி

திங்கட்கிழமை காலையில் தொடங்கிய வழக்கு ஓயவே இல்லை. லயம் மூன்று கட்சியாகப் பிரிந்தது. தப்பு மாஸ்டருடையது என்பது மண்டோர் கட்சி. தப்பு திடலுடையது, சேற்றில் யார் ஆடினாலும் அப்படித்தான் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. அதில் அவரும், வேறு வழியில்லாமல் நானும் இருந்தோம். எல்லாத் தப்பும் சவரியுடையது என்பது மூன்றாவது கட்சி. அவன் எந்தப் பக்கம் போனாலும் யாராவது காலை அகட்டிக் காட்டுவார்கள்.

"எழும்பும்னு நெனச்சேன்க்கா. நம்ம பந்து எழும்புமில்ல?" என்று என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னான்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்தான் பெரட்டுக் களம். மண்டோர் கவிழ்த்துப் போட்ட பால் வாளியின் மேல் உட்காருவார்.

"நான் சொன்னனா இல்லையா? தோல் பந்து வாங்கியாந்து பழக்குன்னு சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க அண்ணே. அதுக்கென்ன?"

"அப்ப தப்பு யாரோடது?"

"மழையோடது."

"மழை என்னடா ஒனக்கு மச்சானா? அவனுங்களுக்கும்தானே பேஞ்சுச்சு! தப்பு என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடறேன்."

"மழை பேஞ்சுச்சு அண்ணே."

கூட்டம் ஓவென்று கத்தும். மண்டோருக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். இவர் கொடுக்கவே மாட்டார். நானும் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "வாயில முத்தா உதிர்ந்துடும்? ஒரு தடவ சொல்லித் தொலைங்களேன். தண்ணி புடிக்கப் போனா என்னைத்தான் கொத்தறாளுங்க" என்றேன். கேட்டுச் சிரித்துவிட்டுத் தன் மாஸ்டர் விசிலைத் துடைக்கப் போய்விட்டார்.

எனக்கு அப்போது எரிச்சல் எரிச்சலாக வந்தது. இப்போது யோசித்தால் அந்தச் சாயங்காலங்கள் எவ்வளவு அருமையானவை என்று தோன்றுகிறது. ஜப்பான் சண்டையைப் பற்றிப் பேசக் கூடாது, துரையைப் பற்றிப் பேசக் கூடாது, பசி என்று சொல்லக்கூடப் பயம். யார் காதில் விழுந்து யார் தலை உருளும் என்று தெரியாது. வாய்விட்டுக் கத்தவும், ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லவும், வயிறு குலுங்கச் சிரிக்கவும் எங்களுக்கு மிச்சமிருந்தது அந்தத் தோல்வி ஒன்றுதான். அதைக் கரும்பு மாதிரி மென்றோம்.

லாரி

மரவள்ளி பிடுங்கும் காலத்தில் லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்றார்கள். வாட்டசாட்டமான ஆண்களைப் பெரட்டுக் களத்தில் நிறுத்திப் பொறுக்கினார்கள். பந்துக் குழுவில் பாதிப்பேரை ஏற்றினார்கள். என் வீட்டுக்காரரை ஏற்றினார்கள். ஆட்களுக்குத் தலைமையாக மண்டோரையும் ஏற்றினார்கள். சவரி போர்டிக்சன் கடற்கரையில் உப்புக் காய்ச்சப் போயிருந்ததால் தப்பித்தான்.

லாரி நகரும்போது நானும் குப்பாயி அக்காவும் பின்னாலேயே ஓடினோம். தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற மண்டோர், பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டி, எங்களுக்கும் கேட்கும்படி கத்தினார்.

"அழாதீங்கடி! இவன் வாயில இருந்து அந்த வார்த்தையை வாங்கிக்கிட்டுத்தான் திரும்பி வருவேன்!"

அழுதுகொண்டே சிரித்தோம். மண்டோரை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

சண்டை முடிந்து, ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு ஒரு நாள் என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். எலும்பும் தோலுமாக இருந்தார். காலெல்லாம் புண். குப்பாயி அக்கா ஓடி வந்து அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அக்கா ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

அதன் பிறகு இவர் பேசுவதே இல்லை. தட்டில் போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பார். சோறு வேண்டும் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. குப்பாயி அக்கா வரும் வழியில் எதிர்ப்பட்டால் வேறு பக்கம் திரும்பி நடப்பார். பரணில் கிடந்த ஒட்டுப்பால் பந்தை எடுத்துக் காட்டினேன். "தூக்கி அந்தப் பக்கம் போடு" என்றார்.

ஒரு மத்தியானம் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"மண்டோருக்கு அங்க காய்ச்சல், லூர்து. எந்திரிக்க முடியாது. சாயங்காலம் நான் வேலை விட்டு வந்தா மட்டும் மூங்கில் பரண்ல எந்திரிச்சு உக்காருவாரு. 'வாடா, தப்பு யாரோடது?'ம்பாரு. நான் மழைம்பேன். சுத்திப் படுத்திருக்கறவனுங்கல்லாம் சிரிப்பானுங்க. தெனமும் அப்படித்தான். ஒரு நாளு எந்திரிக்க முடியல. படுத்துக்கிட்டே, 'இப்பவாச்சும் சொல்லேன்டா'ன்னாரு. எனக்கு மனசு தாங்கல. தப்பு என்னோடதுதான் அண்ணேன்னு சொல்லிட்டேன். சிரிச்சாரு. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாரு. விடியக்கால பாத்தா..."

காலை இழுத்துக்கொண்டு, "நான் ஒத்துக்காம இருந்திருந்தா மறுநாளும் எந்திரிச்சு உக்காந்திருப்பாரு" என்றார்.

இதை என்னவென்று தேற்றுவது? "இதப் போயி குப்பாயி அக்காகிட்ட சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?" என்றார்.

தண்ணீர்க் குழாயடி

கடைசியில் நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். லயத்துக் கோடியில் பொதுக் குழாய். சாயங்காலம், பெண்கள் வரிசையில் நின்றார்கள். சவரியும் ஒரு வாளியோடு நின்றான். குப்பாயி அக்காவின் குடம் குழாய்க்கு அடியில் இருந்தது.

இவர் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா தரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நீ எதுக்குடா ஒத்துக்கிட்ட?"

"அக்கா..."

"தப்பு ஒன்னோடது மட்டுமா? அந்தப் பந்துக்கு ஒட்டுப்பால் குடுத்தது யாரு? சொல்லேன், யாரு? ஸ்டோரத் தொறந்து எடுத்துக் குடுத்தது எங்க மனுசன்! கீரைக் கூடைக்கு அடியில வச்சு மறைச்சுத் தூக்கிக்கிட்டு வந்தது இந்தா நிக்கறனே, நானு!"

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். நானும்தான். என் கையால் தைத்த பந்துக்குள் இருந்தது யாருடைய திருட்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அந்தப் பந்து இல்லன்னா ஒங்களுக்கு இந்தத் துள்ளல் பழக்கம் எங்கிருந்து வந்துச்சு? அத மறைக்கத்தான் அவரு அந்தக் கத்துக் கத்துனாரு. பெரட்டுக் களத்துல ஒன்னைப் போட்டு அந்தப் பாடு படுத்துனப்ப, 'ஒட்டுப்பால் குடுத்தது நீங்கதானே'ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு வாய் மூடியிருக்கும். தலையும் போயிருக்கும். தெனமும் வீட்டுக்கு வந்து சொல்லுவாரு: 'ராயப்பன் இன்னிக்கும் சொல்லலடி.' சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு."

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு மண்வெட்டி பிடித்த அந்தக் கையை இவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"அவரு ஜெயிச்சுட்டதா நெனச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அவருக்காக நீ சொன்னது சரி. ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். தப்புல பாதி எங்க வீட்டோடது."

இவர் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"பந்து மேல தப்பு இல்லக்கா" என்றார். "அது நல்ல பந்து. திடல்தான் சேறு."

"சேறாம்ல சேறு! அவனுங்க என்ன சிமெண்டுத் தரையிலயா ஆடுனானுங்க?"

"மழை பேஞ்சுச்சு அக்கா!"

"இந்தா நிக்கறான் பாரு, காலை அகட்டிக்கிட்டு! இவனக் கேளு, மழை பேஞ்சுச்சான்னு!"

"என்னை எதுக்கு இழுக்கறீங்க? எழும்பும்னு நெனச்சேன்!" என்று சவரி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினான். பின்னால் நின்ற பெண்ணொருத்தி, அன்றைக்குத் தான் கோல் கோட்டருகில் நின்று பார்த்ததாகவும் அவன் கண்ணை மூடிக்கொண்டுதான் எம்பினான் என்றும் சொன்னாள். இன்னொருத்தி அது பொய் என்றாள். லயத்து வாசல்களிலிருந்து ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள், பிறகு இறங்கி வந்தார்கள். குப்பாயி அக்கா அழுதுகொண்டே கத்தினார், கத்திக்கொண்டே சிரித்தார். என் வீட்டுக்காரர் புண் காலை ஊன்றி நின்று, சேற்றில் பந்து எப்படி உருளும் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். குடம் நிறைந்து தண்ணீர் வழிந்து ஓடியது. குழாயை மூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

இருட்டத் தொடங்கியதும்தான் வீட்டுக்கு வந்தோம். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"லூர்து, பசிக்குது" என்றார்.